மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்

(நீளமான பதிவு. விரல் வலிக்காத நேரம் பார்த்து மூன்று நாளாகத் தட்டச்சு செய்தது. பாதியில் விட்டுவிடாதீர்கள்.)



போன வாரம் நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்கள் மூன்றில் ஒரே செய்தி வந்தது. "முடக்குவாதம், சரவாங்கி, மூட்டுத் தேய்மானம் அனைத்துக்கும் 21 நாளில் நிரந்தரத் தீர்வு. மாத்திரை, ஊசி தேவையில்லை. மூச்சுப் பயிற்சியும் மன ஒருமையும் போதும். எய்ம்ஸ் மருத்துவமனையே நிரூபித்துவிட்டது." கீழே ஒரு செல் நம்பர், கட்டண விவரம். அதற்கும் கீழே நம்ம ஆட்கள் போட்ட கைகூப்பும் பொம்மைகள். போட்டவர்களில் பாதிப் பேர் என்னிடம் பத்தாம் வகுப்பில் அறிவியல் படித்தவர்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் யோகாவுக்கு எதிரி இல்லை. எனக்கு முடக்குவாதம் வந்து 14 வருடம் ஆகிறது. தினமும் காலையில் 25 நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து கை, தோள், கழுத்தை மெதுவாக அசைத்து, நீளமாக மூச்சு விட்டு, கடைசியில் கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுக்கிறேன். செய்த நாளுக்கும் செய்யாத நாளுக்கும் வித்தியாசம் தெரிகிறது. வாரம் ஒரு நாள் மருத்துவர் எழுதிக் கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும் சாப்பிடுகிறேன். இரண்டையும் செய்கிறவள் என்ற தகுதியில்தான் பேசுகிறேன்.

எனக்குச் சண்டை மூன்று பேரோடு. யோகாவைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்கள் முதல். "எல்லாம் உன் மனசுதான் காரணம்" என்று நோயாளியின் தலையிலேயே பழியைப் போடுகிறவர்கள் இரண்டாவது. "மனசை லேசா வெச்சுக்கோ" என்று உபதேசம் செய்துவிட்டு, அவள் இடுப்பில் இருக்கும் குடத்தை வாங்கி இறக்கி வைக்காத வீட்டுக்காரர்கள் மூன்றாவது. ஒவ்வொருவராக வருகிறேன்.

முதலில் ஐந்து நிமிடம் பாடம். முடக்குவாதம் வேறு, வயதாகி முட்டி தேய்வது வேறு. நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறாட்டம் செய்து நம் மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வையே தாக்குவதுதான் முடக்குவாதம். சவ்வு வீங்கும், தடிக்கும், பிறகு பக்கத்துக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்கும். பெரும்பாலும் இரண்டு கையிலும், விரல் கணுக்களிலும் மணிக்கட்டிலும் ஒன்றாக வரும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். டெல்லி பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்து 1993-இல் வெளியான ஓர் ஆய்வு, பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகச் சொன்னது. அதாவது ஆயிரம் பேருக்கு ஏழெட்டுப் பேர். நம்ம ஊரில் எத்தனை தெரு, தெருவுக்கு எத்தனை வீடு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். இந்த நோயில் முதல் சில மாதங்கள்தான் தங்கமான காலம். அப்போதே சரியான மருந்தைத் தொடங்கினால் எலும்பு அரிப்பதைப் பெருமளவு தடுக்கலாம். அரித்த எலும்பு திரும்ப வளராது. அந்த மாதங்களில் ஒருவரை "மாத்திரை வேண்டாம், மூச்சைக் கவனி" என்று திசைதிருப்புகிறவர் அவரிடமிருந்து எதைப் பறிக்கிறார் என்று புரிகிறதா?

சரி, எய்ம்ஸ் நிரூபித்த கதைக்கு வருவோம். ஆய்வு உண்மைதான். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் செய்து 2019-இல் வெளியிட்டார்கள். முடக்குவாதம் உள்ள 72 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 8 வாரம் யோகா. இன்னொரு பிரிவுக்கு யோகா இல்லை. யோகா செய்தவர்களுக்கு நோயின் வேகம் கூடுதலாகக் குறைந்தது, ரத்தத்தில் அழற்சிக்கான அடையாளங்கள் குறைந்தன, மனச்சோர்வும் குறைந்தது. நல்ல செய்தி, மகிழ்ச்சி. ஆனால் அந்த வாட்ஸ்அப் செய்தி ஒரே ஒரு வரியை விழுங்கிவிட்டது. இரண்டு பிரிவினரும் தங்கள் வழக்கமான மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டார்கள். மருந்தோடு யோகா, மருந்து மட்டும், இந்த இரண்டைத்தான் ஒப்பிட்டார்கள். மருந்தில்லாத யோகாவை அங்கே யாரும் சோதிக்கவில்லை.

கேள்வித்தாளில் பாதிக் கேள்வியை மறைத்துவிட்டு மீதிக்கு விடை எழுதிய பையனுக்கு நான் மார்க் போட்டதில்லை. இவர்களுக்கு நீங்கள் கட்டணமே கட்டுகிறீர்கள்.

அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் சங்கம் 2022-இல் ஒரு வழிகாட்டுதல் தயாரித்தது. முடக்குவாதக்காரர்கள் தொடர்ந்து உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று அதில் அழுத்தமாகச் சொல்கிறார்கள். யோகா, தாய்ச்சி மாதிரி மனதும் உடம்பும் சேர்ந்த பயிற்சிகளையும் செய்யலாம் என்கிறார்கள். எல்லாமே மருந்தோடு சேர்த்து. உலகத்தில் எந்தப் பொறுப்பான வாதநோய் மருத்துவரும் யோகாவை எதிர்க்கவில்லை. எந்தப் பொறுப்பான ஆய்வும் மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. சண்டையே இல்லாத இடத்தில் சண்டையை மூட்டி, நடுவில் கல்லாப்பெட்டியை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள் சிலர்.

"டீச்சர், ஆனா வலி நெஜமாவே கொறையுதே" என்பீர்கள். குறையும். நானும் அதைத்தான் சொல்கிறேன். வலி என்பது வீங்கிய மூட்டில் மட்டும் உண்டாவதில்லை. மூட்டிலிருந்து போகும் சேதியை மூளை எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதும் அதில் உண்டு. தூக்கம் கெட்டால், பயம் இருந்தால், அவமானப்பட்டால், அதே வீக்கம் இரண்டு மடங்காக வலிக்கும். மூச்சை நிதானப்படுத்தி, உடம்பைத் தளர்த்தி, நன்றாகத் தூங்கினால் அந்தச் சத்தம் இறங்கும். ஆனால் சத்தம் இறங்கியதால் மூட்டுக்குள் நடப்பது நின்றுவிட்டது என்று ஆகாது. நம்ம ஊர் ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தால் நிம்மதியாகத் தூங்கலாம். அதனால் பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடாமல் நின்றுவிடுமா? பஞ்சும் வேண்டும், தறியின் சுவிட்சையும் அணைக்க வேண்டும். மூச்சுப் பயிற்சி பஞ்சு. மருந்துதான் சுவிட்ச்.

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. என்னிடம் படித்த பெண் ஒருத்தி. பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். வீட்டோடு தறி. தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் அவள் வேலை. அவள் விரல் வேகத்தைப் பார்த்து நானே வியந்திருக்கிறேன். முப்பத்திரண்டு வயதில் சரவாங்கி வந்தது. மருத்துவரைப் பார்த்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாள். வீக்கம் வடிந்து மறுபடி பாவு பிணைக்க உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரத்தில் வெளியூரில் ஒரு 21 நாள் முகாம். "மாத்திரை உடம்பில் விஷமாகத் தங்கும், நிறுத்திவிட்டு வந்தால்தான் பயிற்சி வேலை செய்யும்" என்று சொல்லியிருக்கிறார்கள். நிறுத்தினாள். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை, இன்னும் சுகமாகவே இருந்ததாம். மருந்தின் பலன் உடனே வடிந்துவிடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மூன்றாவது மாதம் கை பொங்கிவிட்டது. திரும்பிப் போய்க் கேட்டபோது வந்த பதில்: "உனக்கு நம்பிக்கை போதலம்மா. மனசுல சந்தேகத்தோட செஞ்சா எப்படிப் பலிக்கும்?"

இப்போது அவளுடைய வலது கை விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. மருந்தை மறுபடி தொடங்கி வீக்கம் அடங்கியிருக்கிறது. சாய்ந்த விரல் சாய்ந்ததுதான். பாவு பிணைக்க முடியாது. குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட அவள் மாமியாரைக் கூப்பிடுகிறாள்.

அந்தப் பதிலைத் திரும்பப் படியுங்கள். பலித்தால் பயிற்சிக்குப் பெருமை, பலிக்காவிட்டால் நோயாளியின் மனசுக்குக் குற்றம். தோற்கவே முடியாத ஆட்டம் இது. தோற்க முடியாத எதுவும் அறிவியல் இல்லை என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தேனே, மறந்துவிட்டதா?

"எங்க சித்திக்கு நெஜமாவே கொணமாச்சு டீச்சர்" என்று நிச்சயம் ஒருவர் பின்னூட்டம் போடுவார். உங்கள் சித்தி பொய் சொல்லவில்லை. ஆனால் சித்திக்கு வந்தது என்ன நோய்? 2006-இல் தமிழ்நாடு முழுக்க சிக்குன்குனியா வந்ததே, நினைவிருக்கிறதா? சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். பல பேருக்கு மாதக்கணக்கில் மூட்டு வலி இருந்து, பிறகு தானாகவே போனது. அந்த மாதங்களில் யார் எந்தக் கஷாயம் குடித்திருந்தாலும், எந்த ஆசனம் போட்டிருந்தாலும், அதற்குத்தான் பெயர் கிடைத்திருக்கும். மூட்டு வலி எல்லாம் முடக்குவாதம் இல்லை. முடக்குவாதமே இருந்தாலும் அது ஒரே சீராக இருக்காது. சில மாதம் பொங்கும், சில மாதம் அடங்கும். பொங்கும்போதுதான் நாம் வைத்தியரைத் தேடுவோம். அடங்கும்போது கையில் இருந்த வைத்தியத்துக்கு நன்றி சொல்வோம்.

முகாமில் கூடவே விற்கும் பொடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டே நாளில் வலி பறந்துபோகிறது என்றால் சந்தேகப்படுங்கள். "மூலிகை" என்ற பெயரில் விற்கும் மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு மருத்துவர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். வாத நோயைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. அதன் நோய்ப் பட்டியலில் வாதம் இருக்கிறது. 2024-இல் உச்ச நீதிமன்றம் பதஞ்சலி நிறுவனத்தைத் தவறான விளம்பரங்களுக்காகக் கடுமையாகக் கண்டித்து, அவர்கள் நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட்டதை நீங்கள் எல்லோரும் படித்தீர்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்குப் பொருந்தும் சட்டம், வாட்ஸ்அப்பில் செல் நம்பர் போடுகிறவருக்குப் பொருந்தாதா?

அடுத்து, "இங்கிலீஷ் மருந்து வெளிநாட்டு விஷம்" என்ற பாட்டு. மெத்தோட்ரெக்ஸேட்டின் பூர்வீகம் தெரியுமா? எல்லாப்ரகத சுப்பாராவ் என்று ஒருவர். 1895-இல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் பேச்சைக் கேட்டுக் கதர் உடுத்தியவர். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடமும் எடுத்தவர். பிறகு அமெரிக்கா போய், லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு 1940-களில் உருவாக்கிய மருந்துகளில் ஒன்றுதான் இது. முதலில் புற்றுநோய்க்கு. பிறகு மிகக் குறைந்த அளவில் முடக்குவாதத்துக்கு. தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் நம்ம ஊரில் இருந்துகொண்டு அதை அந்நிய மருந்து என்று திட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

பக்க விளைவு உண்டா? உண்டு. குமட்டல் வரும், சிலருக்கு ஈரல் பாதிக்கும், ரத்த அணுக்கள் குறையும். அதனால்தான் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ரத்தப் பரிசோதனை, கூடவே ஃபோலிக் ஆசிட். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் இதைச் சாப்பிடவே கூடாது, வேறு மருந்து உண்டு. இது வாரம் ஒருநாள் சாப்பிடும் மாத்திரை. தினசரி மாத்திரை என்று நினைத்துச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மருத்துவரிடம் போய் மாற்றச் சொல்லுங்கள். தானாக நிறுத்தாதீர்கள்.

இப்போது இரண்டாவது ஆட்கள். "எல்லாம் மனசுதான்."

இதைச் சொல்கிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். யோகா மேடையில், "கோபத்தையும் பொறாமையையும் அடக்கி வைத்ததால்தான் மூட்டு இறுகியது" என்று பேசுகிறவர் ஒருவர். ஒரு தனியார் கிளினிக்கில் என்னிடமே, கையைத் தொட்டுப் பார்க்காமல், "மெனோபாஸ் டைம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சொன்ன மருத்துவர் இன்னொருவர். முடக்குவாதம் என்று தெரிய எனக்கு மேலும் ஏழு மாதம் ஆனது. இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான்: உன் நோய்க்கு நீயே பொறுப்பு.

மனதுக்கும் உடம்புக்கும் தொடர்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொடர்பைக் கொச்சைப்படுத்தாதீர்கள் என்கிறேன். 2008-இல் அமெரிக்காவில் முடக்குவாதம் உள்ள 144 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. மூன்று பிரிவு. ஒன்றுக்குத் தியானம், ஒன்றுக்கு எண்ணங்களைச் சீரமைக்கும் பயிற்சி, ஒன்றுக்கு நோயைப் பற்றிய வகுப்பு மட்டும். ஏற்கெனவே அடிக்கடி மனச்சோர்வுக்கு ஆளானவர்களுக்குத் தியானம் அதிகம் உதவியது. மற்றவர்களுக்கு வேறு பயிற்சி உதவியது. அதாவது ஆளுக்கு ஆள் மாறும். நூறு பேரை உட்கார வைத்து ஒரே மந்திரத்தைச் சொல்வது வைத்தியம் ஆகாது.

1999-இல் இன்னொரு ஆய்வு வந்தது. ஒரு டீச்சருக்குப் பிடித்தமானது. ஆஸ்துமாவும் முடக்குவாதமும் உள்ளவர்களை, மனதை அழுத்தும் ஒரு விஷயத்தைப் பற்றி 20 நிமிடம், மூன்று நாள் எழுதச் சொன்னார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால், முடக்குவாதம் உள்ளவர்களின் நோய்த் தீவிரம் குறைந்திருந்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அதே அளவு பலனைக் காட்டவில்லை. ஆனாலும் இருபது ரூபாய் நோட்டும் ஒரு பேனாவும் யாரையும் கெடுக்காது. எழுதிப் பாருங்கள், மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டு.

2016-இல் மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பை, உடம்புக்குள் பொருத்திய கருவியால் மின்தூண்டல் செய்து பார்த்தார்கள். 17 நோயாளிகள். மூட்டை அழிக்கும் டி.என்.எஃப். என்ற பொருள் அவர்கள் ரத்தத்தில் குறைந்தது. நரம்புக்கும் அழற்சிக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதற்கு நல்ல சான்று. உடனே நம்ம ஆட்கள், "பார்த்தீர்களா, மூச்சை இழுத்தால் வேகஸ் நரம்பு தூண்டப்படும், முடக்குவாதம் போய்விடும்" என்று வீடியோ போடுகிறார்கள். அறுவை செய்து பொருத்திய கருவி எங்கே, மூக்கைப் பிடிப்பது எங்கே? சாலை இருக்கிறது என்பதால் திருத்தணிக்கு நடந்தே பத்து நிமிடத்தில் போய்விட முடியுமா?

நோய் வந்ததற்கு நோயாளியின் குணம் காரணம் இல்லை. பரம்பரைக் கூறுகள் ஒரு பங்கு, புகை மாதிரியான சூழல் ஒரு பங்கு, பெண்ணாகப் பிறந்தது ஒரு பங்கு. மனம் தளர்ந்தால் வலி கூடும், உண்மை. வலி கூடினால் மனம் தளரும், அது அதைவிட உண்மை. எதை முதலில் சரி செய்வது என்று கேட்டால் இரண்டையும் சேர்த்துத்தான்.

மூன்றாவது ஆட்கள். இவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் இவர்கள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

எய்ம்ஸ் ஆய்வில் யோகா எவ்வளவு நேரம் தெரியுமா? ஒரு நாளைக்கு 120 நிமிடம், வாரம் 5 நாள், 8 வாரம். கணக்குப் போடுங்கள். 80 மணி நேரம். நம்ம ஊரில் எந்தப் பெண்ணுக்கு 80 மணி நேரம் கிடைக்கும்? காலை நாலரைக்கு எழுந்து வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, தறியோ நூறு நாள் வேலையோ பார்த்து, மாலை திரும்ப அடுப்படிக்கு வருகிறாள். அவளிடம் போய், "தினமும் அரை மணி நேரம் தியானம் பண்ணு" என்று சொல்வது அறிவுரை. அந்த அரை மணி நேரம் அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வதுதான் வைத்தியம்.

முடக்குவாதக்காரிக்குக் காலை நேரம்தான் மிக மோசம். விரல் மடங்காத அந்த ஒரு மணி நேரத்தில்தான் நம் வீடுகள் அவளிடம் அதிக வேலை கேட்கின்றன. துணி பிழிவது, மாவு பிசைவது, குக்கர் மூடி திறப்பது, பால் பாக்கெட்டைக் கிழிப்பது, எல்லாமே மணிக்கட்டையும் கணுக்களையும் முறுக்கும் வேலைகள். இதை எல்லாம் செய்யவிட்டு, ஜூன் 21 யோகா தினத்தில் வெள்ளை டீ-சர்ட் போட்டு ஃபோட்டோ எடுத்துக்கொள்வதில் என்ன பயன்? மனமும் உடம்பும் சேர்ந்த பயிற்சி என்கிறோம். அந்த உடம்பு எந்த வீட்டில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பயிற்சியில் பாதி மூச்சு என்றால் மீதிப் பாதி ஓய்வு. மூச்சு இலவசம். ஓய்வை யாராவது விட்டுக் கொடுத்தால்தான் அவளுக்குக் கிடைக்கும்.

ஆண்கள் சிலர் கோபிப்பீர்கள். கோபித்துக்கொண்டே நாளைக் காலை மாவு பிசையுங்கள்.

சரி, எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்கு. நான் மருத்துவர் இல்லை. உங்கள் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கையைக் காட்டிக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பொதுவாக மருத்துவர்கள் சொல்வதையும் என் பழக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1. மூட்டு சிவந்து, சூடாக, வீங்கியிருக்கும் நாளில் அந்த மூட்டை இழுத்து வளைக்காதீர்கள். மூச்சும் தளர்வும் போதும். அடங்கிய நாட்களில் மெதுவாக அசைவைக் கூட்டுங்கள். அசைக்காமலே வைத்தாலும் மூட்டு இறுகிவிடும்.

2. உள்ளங்கையைத் தரையில் ஊன்றி உடம்பின் பாரத்தை மணிக்கட்டில் போடும் ஆசனங்கள் வேண்டாம். அதோமுக சுவானாசனம் மாதிரியானவை. சுவரில் கை வைத்துச் செய்யலாம்.

3. சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் வேண்டவே வேண்டாம். நீண்ட நாள் முடக்குவாதத்தில் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்புத் தளர்ந்திருக்கலாம். வெளியே தெரியாது. அங்கே பாரம் விழுந்தால் தண்டுவடம் நசுங்கும். உங்கள் யோகா ஆசிரியர் இதைப் பற்றி உங்களிடம் கேட்டாரா? கேட்கவில்லை என்றால் அவருக்கு இந்த நோய் தெரியாது.

4. தரையில் உட்கார முடியாவிட்டால் நாற்காலி. வெட்கப்பட ஒன்றும் இல்லை. பி.கே.எஸ். ஐயங்கார் நாற்காலி, கயிறு, பெல்ட், தலையணை எல்லாம் வைத்துத்தான் உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தார். அவருடைய குரு கிருஷ்ணமாச்சாரியார் சென்னையில் வந்து தங்கிப் பாடம் சொன்னவர். ஆளுக்குத் தகுந்தபடி யோகாவை மாற்ற வேண்டுமே தவிர, யோகாவுக்காக ஆளை முறுக்கக் கூடாது என்பதுதான் அந்த வழி. இன்னும் சந்தேகமா? யோக நரசிம்மர் சிலையைப் பாருங்கள். முழங்காலைச் சுற்றி யோகபட்டம் கட்டியிருக்கும். சாமிக்கே பிடிமானம் தேவைப்படுகிறது. நம்ம பக்கத்துச் சோளிங்கர் மலையில் 1305 படி. 2024-இல் ரோப் கார் வந்தது. அதில் ஏறிப் போகிறவர்களுக்கு அவர் தரிசனம் தராமல் இல்லை.

5. மூச்சை அடக்கிப் பிடிக்கும் கும்பகமும் வேகமாக அடிக்கும் கபாலபாதியும் தேவையில்லை. இழுப்பதைவிட விடுவது கொஞ்சம் நீளமாக இருந்தால் போதும். பத்து நிமிடம்.

6. காலையில் வெந்நீரில் கையை நனைத்துவிட்டு விரல் பயிற்சியைத் தொடங்கினால் இறுக்கம் சீக்கிரம் விடும்.

7. முன்னேற்றத்தை வலியை மட்டும் வைத்து அளக்காதீர்கள். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பரிசோதனையைத் தவறாமல் எடுங்கள். வலி குறைந்து அந்த எண் குறையவில்லை என்றால் பஞ்சு வேலை செய்கிறது, தறி ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அரசாங்கத்தையும் விட்டுவிட முடியாது. போலி முகாம்கள் காற்றில் முளைக்கவில்லை. பக்கத்தில் கேட்க ஆள் இல்லாத இடத்தில்தான் முளைக்கின்றன. வாதநோய்க்கென்று தனித்துறை சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இருக்கிறது. நல்ல துறை. ஆனால் ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு நெசவுக்காரப் பெண் ஒருநாள் கூலியை விட்டு, துணைக்கு இன்னொருவரின் கூலியையும் விட்டு, விடியற்காலை பஸ் பிடித்து எத்தனை மாதம் போவாள்? 2022-இல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, பிசியோதெரபியும் வருகிறது. என் கோரிக்கைகள் மூன்று.

திருத்தணி அரசு மருத்துவமனையில் மாதம் ஒருநாளாவது வாதநோய் நிபுணர் உட்கார வேண்டும். நோய் உறுதியானவர்களுக்கு மருந்தும் அதற்கான ரத்தப் பரிசோதனையும் நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே முறையாகப் படித்து வெளிவருகிறவர்களில் ஒருவரை, மதியம் இரண்டு மணிக்கு, பெண்களுக்குக் கொஞ்சம் ஓய்வான நேரத்தில், வாரம் இரண்டு நாள் நம்ம பக்கம் அனுப்பட்டும். வாதநோய் மருத்துவரும் யோகா மருத்துவரும் ஒரே நோயாளியின் ஒரே சீட்டில் எழுதட்டும். அப்படி நடந்தால் 21 நாள் முகாமுக்கு ஆள் சேராது.

இதை மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கு வாருங்கள். கையெழுத்துப் போட முடியாத விரல் உள்ளவர்கள் கட்டாயம் வாருங்கள். உங்கள் கைரேகைதான் அந்த மனுவில் முக்கியம்.

அந்த வாட்ஸ்அப் செய்திக்குக் கைகூப்பிய பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். அதே குழுவில், அதே செய்திக்குக் கீழே, இந்த வரியைப் போடுங்கள்: "எய்ம்ஸ் ஆய்வில் யோகா செய்த எல்லோரும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டேதான் செய்தார்கள்." என் பெயர் வேண்டாம். யாராவது மறுத்தால் என் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.